குதிரை வருஷத்துக்காரி வாங்கிய லேப்டாப்

எங்கள் கட்டடத்தில் ஹாம் பொக்-ஹியோடு சண்டை போடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் போன வருஷம் செத்துப்போனார். இன்னொருவர் இந்தத் திங்கட்கிழமைதான் நாலாம் மாடிக்குக் குடிவந்திருக்கிறார். அவருக்கும் நாள் குறித்தாகிவிட்டது. லிஃப்டில் அவள் பக்கம் திரும்பித் தும்மிவிட்டாராம்.

எனக்கு அவளைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏதோ உருகி எழுதுவதாக யாரும் நினைக்கக் கூடாது. நான் யோம். சியோலில் கோர்ட்டுகள் இருக்கும் சோச்சோ பக்கம், தரைத் தளத்தில் நகல் எடுத்து பைண்டிங் செய்யும் கடை வைத்திருக்கிறேன். அவள் மூன்றாம் மாடியில் ஒரு பெட்டி அறையில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிறவள். எட்டு வருஷமாக அவள் எழுதுவதை நான்தான் கட்டிக் கொடுக்கிறேன். ஒரு தடவைகூட "நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. ஓரம் கோணல், பசை நாற்றம், அட்டை மட்டம் என்று ஏதாவது ஒன்று. இங்கே வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பேர். நான் ஆட்டு வருஷத்தில் பிறந்தவன், அவள் அதற்கு முந்தைய குதிரை வருஷம். அதனால் அவள் எனக்கு அக்கா. அவள் கடைக்குள் வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும், அட்டைக்கூலியில் குறைக்க வேண்டும், காப்பியை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். ஒரே ஒரு வயசு வித்தியாசத்துக்கு இத்தனை.

குதிரை வருஷத்துப் பெண்கள் அடங்கமாட்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான். அவளைப் பார்த்தால் நம்பாதவனும் நம்புவான். போதாக்குறைக்கு அவள் தொழில் வேறு அப்படி. இந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி பேசினாலும், வீட்டுக்காரன் குடித்தனக்காரன் பேசினாலும், சட்டைப்பையில் கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கும். அந்தச் சண்டையெல்லாம் கடைசியில் இவள் காதுக்கு வரும். ஒரு வசவைக்கூட விடாமல் எழுத வேண்டும். இப்போது முதல் படியை மெஷினே எழுதிவிடுகிறது. ஆனால் மெஷினுக்கு வசவு என்றால் கூச்சம் போலிருக்கிறது, மூன்று புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த மூன்று புள்ளி இருக்கும் இடமெல்லாம் திரும்பக் கேட்டு வசவைப் போடுவதுதான் இன்றைக்கு அவள் பிழைப்பு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி.

இதில் அவளுக்கு இருப்பது ஒரு கண். இடது கண் ஆறு வருஷத்துக்கு முன்பு உள்ளே நீர் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. இரண்டு கண் இருக்கிறவனுக்குத் திரையில் விளக்கு பிரதிபலித்தாலும் எழுத்து முன்னால் தெரியும், விளக்கு பின்னால் எங்கோ தெரியும். ஒற்றைக் கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்து, டியூப் லைட், ஜன்னல், அவள் மூக்கு எல்லாம் ஒரே குழம்பு. அரை மணியில் தலைவலி, ஒரு மணியில் வாந்தி. அதனால் அவளுக்குப் பளபளக்காத திரைதான் வேண்டும். கண் போனதிலிருந்து அப்படி ஒரு பழைய லேப்டாப் வைத்திருந்தாள், ஏதோ கம்பெனி வாடகைக்கு எடுத்துத் திருப்பியது. கறுப்பு, கனம், அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இந்த மழைக்காலத்தில் அது செத்தது.

அவள் உறவுக்காரப் பையன் ஒருவன் புதுசாக ஒன்று அனுப்பினான். கண்ணாடி போல மின்னும் திரை. நான் தாள் கொண்டுபோய்க் கொடுக்க மேலே போனபோது, அறைக்குள் கறுப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சே, கொன்னுடுவேன்."

"சிரிக்கலக்கா."

"உள்ளுக்குள்ள சிரிக்கற. தெரியுது."

மங்கல் பிலிம் வாங்கி ஒட்டலாமே என்று கேட்டேன். ஏற்கெனவே ஒட்டிப் பார்த்திருக்கிறாள். பிலிம் ஒட்டினால் வெள்ளைத் தாளில் கல்லுப்பைத் தூவியது போல எழுத்தெல்லாம் மினுமினுக்கிறதாம், அதற்குக் கண்ணாடியே மேலாம். மேசையில் பெரிய திரை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. வாரத்தில் மூன்று நாள் வக்கீல்கள் பதிவை வெளியே விடமாட்டார்கள், அவர்கள் ஆபீசிலேயே லேப்டாப்போடு போய் உட்கார வேண்டும். இதற்கிடையில் அவளுக்கு வேலை அனுப்பும் ஏஜென்சிக்காரன், முன்னூறு பக்கத்துக்கு மேல் ஒரு குடும்பச் சண்டையை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி வரவில்லையென்றால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டான். ஐம்பது தாண்டிய ஒற்றைக் கண் பெண்ணை வேறு எந்தப் பட்டியலிலும் சேர்க்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்கு வந்து, "வேனை எடு" என்றாள்.

யோங்சான் பக்கம் ஒரு பழைய மின்பொருள் கட்டடம். ஒரு காலத்தில் நடக்க இடமிருக்காது. இப்போது பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன, மீதிப் பாதியில் வியாபாரமில்லாத எரிச்சலோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குள் இவளை அழைத்துப் போனது என் தப்பு.

முதல் கடையில் ஒரு இளவட்டம் லேப்டாப்பைத் திறந்து பளிச்சென்று ஏதோ பூந்தோட்டப் படத்தைக் காட்டினான்.

"பாருங்கம்மா, கலர் அள்ளுது."

"கலரை வெச்சு நான் என்ன கல்யாண மண்டபமா நடத்தறேன்? ஆஃப் பண்ணு."

"ஆஃப் பண்ணிட்டா எதைப் பாப்பீங்க?"

"உன் யோக்கியதையை."

அவள் பார்க்கும் முறை அது. ஆன் செய்தால் எந்தத் திரையும் நல்ல திரைதான், அணைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும் என்பாள். அணைத்த திரையை டியூப் லைட்டுக்கு நேரே சாய்ப்பாள். குழல் குழலாகவே தெரிந்தால் தள்ளிவிடுவாள். சாம்பல் பூசியது போல ஒரு வெளிச்சத் திட்டு மட்டும் தெரிந்தால் அடுத்த கட்டம்: திரையின் ஓரம் நெடுக நகத்தை ஓட்டிப் பிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியாக வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தைப் போட்டுப் பத்து நிமிஷம் பேசாமல் படிப்பாள். அந்தப் பத்து நிமிஷத்தை எந்தக் கடைக்காரனும் தரவில்லை. மூன்று கடைகளில் சண்டை. ஒரு கடையில் அவளை வெளியே போகச் சொன்னார்கள், இன்னொன்றில் என்னையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இரண்டாம் மாடிக் கோடியில் மேங் என்பவன் கடை. கறுப்புச் சாந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'பார்த்து எடுத்த பொருள் திரும்ப வாங்கப்படாது' என்று தலைக்கு மேல் பலகை. அலமாரியில் அவள் பழையதன் அச்சாக ஒன்று இருந்தது, அதே தடிமன், அதே கறுப்பு. இவள் எடுத்தாள், அணைத்தபடியே சாய்த்தாள். வெளிச்சத் திட்டுதான் தெரிந்தது. அவள் முகம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். மேங்கும் பார்த்துவிட்டான்.

"வாங்கறதா இருந்தா தொடு. மோந்து பாக்க இது மீன் கடை இல்ல," என்றான்.

"மீன் கடையா இருந்தா நாத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். இங்க மறைச்சு வெச்சிருக்கீங்க."

"எதை மறைச்சேன்? ஏய், வெச்சுட்டுக் கெளம்பு."

திரை ஓரத்தில் வைத்த நகத்தை அவள் அப்படியே எடுத்தாள்.

"ஏய்யா? யாரைப் பாத்து ஏய்ங்கற? உன் வயசு என்ன?"

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் எழுந்துவிட்டால் மற்ற விவகாரமெல்லாம் ஒத்திவைக்கப்பட்டது என்று அர்த்தம். கார் மோதினாலும் சரி, கடன் தகராறானாலும் சரி, யார் பெரியவர் என்று தெரியாமல் மேற்கொண்டு ஒரு வார்த்தை நகராது. மேங் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நான் ஆட்டு வருஷம். நீ?"

"குதிரை."

"மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே. கார்டை எடு!"

"நீ எடு முதல்ல!"

வியாபாரமில்லாத கடைக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். எதிர்க்கடையில் கேபிள் விற்கும் கிழவர் நடுவராக வந்தார். இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இது அறுபத்தேழுல பொறந்தது, ஆடு. இந்தம்மா அறுபத்தாறுல, குதிரை. டேய் மேங், அக்காடா."

மேங் தன் அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை. வாயைத் துடைத்துக்கொண்டான், இடுப்பை வளைத்துக் கும்பிட்டான்.

"தெரியாமப் பேசிட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

பாக்கெட் காப்பியைப் பேப்பர் கப்பில் கலந்து இரண்டு கையாலும் நீட்டினான். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அக்கா, உங்களுக்கில்லாததா என்றான். ஹாம் பொக்-ஹி நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அப்புறம் அந்த நகம் திரையோரத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. பத்து நிமிஷம் படிக்கவும் இல்லை. அத்தனை பேர் முன்னால் அக்காவான பிறகு, தம்பியின் சரக்கைச் சுரண்டிப் பார்த்தால் யாருக்குக் கேவலம்? அவன் ஐயாயிரம் வோன் குறைக்க வந்தபோதுகூட, "வேணாம், தம்பி பொழப்புல கை வைக்கமாட்டேன்" என்றாள். நகம் பாக்கி இருக்கிறது என்று எனக்கு நினைவிருந்தது. சொல்லவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

புதன்கிழமை காலையில் என் கடைக்கு வந்து நின்றாள். கையில், திரையிலிருந்து உரித்த மங்கல் பிலிம் பாம்புச் சட்டை மாதிரி சுருண்டிருந்தது. லேப்டாப்பை மேசையில் வைத்தாள். அதன் திரையில் என் கடையின் மூன்று டியூப் லைட்டும், என் வழுக்கையும், பின்னால் காலண்டரும் அச்சடித்தது போலத் தெரிந்தன.

வசவுக்குத் தயாராக நின்றேன். அவள் பிலிமை நீவி நீவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"வாங்கக்கா, அந்தத் திருட்டு நாயைப் போய் ரெண்டு கேட்டுட்டு வரலாம்."

"என்னன்னு கேக்கறது? அக்காங்கறான். அக்கா போய் தம்பி கடையில கத்தினா, பாத்து எடுத்துட்டு இப்ப வந்து கத்துறியேன்னு அந்த மாடியே காறித் துப்பும்."

"அதுக்காக விட்டுடறதா?"

"வாயை மூடு. யோசிக்கறேன்."

அன்று முழுக்க மேலே குடையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகத் துப்புரவுக்காரம்மா சொன்னாள். நாற்பது பக்கம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை காலை மறுபடியும், "வேனை எடு."

மேங் எங்களைப் பார்த்ததும் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அடடே, அக்கா வந்துட்டாங்க! அக்காவுக்குக் காப்பி!" என்று கத்தினான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் லேப்டாப்பையும் பிலிமையும் மேசையில் வைத்தாள்.

"ஐயோ, யாரு ஒட்டித் தொலைச்சாங்களோ! எனக்கு வந்ததே அப்படித்தான்க்கா. சின்னவன் நானு, எனக்கு என்ன தெரியும்? நீங்க பெரியவங்க, நீங்களே பாத்து எடுத்தீங்க." தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பெரியவங்க வாய்ல பேச்சு மாறலாமா?"

மரியாதையாலேயே ஒருத்தரை அடிக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அவள் பிலிமை அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் பெரியவ இல்ல," என்றாள்.

"என்னது?"

"அந்தக் கார்டுல இருக்கறது எங்க அக்கா. ரெண்டு வயசுல தட்டம்மை வந்து செத்துட்டா. எங்கப்பன் சாவைப் பதியப் போகல. அதே வருஷம் நான் பொறந்தேன். எதுக்கு ரெண்டு தடவை ஆபீசுக்கு அலையறதுன்னு அவ பதிவையே எனக்கு வெச்சுட்டான். நான் குதிரை இல்ல. குரங்கு."

யாரோ ஒருவன் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். என் வயசுக்காரர்களுக்கு இது புதிய கதை இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலேயே அப்படி இரண்டு மூன்று பேர் உண்டு.

"உங்க சொந்தப் பேரு என்னம்மா?" என்று கேபிள் கிழவர் கேட்டார்.

"எனக்குன்னு ஒண்ணும் வைக்கல. அவ பேருதான்."

பிறகு ஹாம் பொக்-ஹி இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, மேங்குக்கு முன்னால் இடுப்பு வரை வளைந்தாள். அந்த முதுகு வளைந்து நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, எனக்கு ஒரு கண்ணுதான். தங்கச்சிக்கு மாத்திக் குடுங்கண்ணே."

"பொய் சொல்றா!" என்று மேங் எல்லோரையும் பார்த்தான். "பொய்யி! காரியம் ஆகணும்னு..."

"பொய்யா இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள் குனிந்தபடியே.

கேபிள் கிழவர் தொண்டையைக் கனைத்தார்.

"டேய் மேங், தங்கச்சி கேக்குது."

"அண்ணன்னு கூப்பிட்டாச்சு இல்ல," என்றான் இன்னொருவன். "முந்தாநேத்து அந்தம்மா அக்காவா நடந்துக்கிச்சு. அஞ்சாயிரத்தக்கூட வேணான்னுச்சு. நாங்க பாத்துட்டுத்தானே இருந்தோம்?"

மேங்குக்கு முகம் சிவந்து காது வரை போயிற்று. எந்த முடிச்சை இவள் கழுத்தில் போட்டானோ அது இப்போது அவன் கழுத்தில் கிடந்தது. என்னென்னவோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே உள்ளே போனான். அட்டைப் பெட்டிகளை உதைக்கும் சத்தம் கேட்டது. தன் கணக்கு மேசையில் அவனே வைத்துக்கொண்டிருந்த லேப்டாப்பை ஒயர் தொங்கத் தூக்கி வந்து தொப்பென்று போட்டான்.

"எடுத்துட்டுத் தொலை. இனிமே இந்த மாடிப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத."

அவள் நிமிர்ந்தாள், லேப்டாப்பை அணைத்தாள், டியூப் லைட்டுக்குச் சாய்த்தாள். பிறகு நகத்தைத் திரையின் நான்கு ஓரங்களிலும் மெதுவாக ஓட்டினாள், திரும்ப ஒரு தடவை ஓட்டினாள். ஆன் செய்து வெள்ளைப் பக்கத்தில் எழுத்தைப் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். மாடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் என்னடி?" என்றான் மேங்.

"பத்து நிமிஷம் இருங்கண்ணே. தங்கச்சி படிச்சுக்கறேன்."

வேன் பாலம் தாண்டியது. அப்புறம் தானாகவே, யாரிடமோ சண்டை போடுவது போலச் சொன்னாள்: "கார்டுல வயசு ஆயிடுச்சுன்னு அஞ்சு வயசுல பள்ளிக்கூடத்துல தள்ளிட்டாங்க. கூட இருந்ததெல்லாம் ஏழு வயசுத் தடிப் பசங்க. தினம் அடி. அப்பறம் கடிக்கக் கத்துக்கிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "இதை யாருகிட்டயாவது சொன்னே, உன் நாக்கைப் பைண்டிங் மெஷின்ல வெச்சுத் தெச்சிடுவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குதிரைக்கு அடுத்தது ஆடு, ஆட்டுக்கு அடுத்தது குரங்கு. இவள் எனக்கு ஒரு வயசு சின்னவள். எட்டு வருஷமாக நான் எழுந்து நின்றதும், இரண்டு கையால் நீட்டியதும், அட்டைக்கூலியில் குறைத்ததும்! பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், எனக்கு வந்தது கோபம்தான். இரவு சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கு வரட்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூலியை முழுசாகக் கேட்டு, உட்கார்ந்தபடியே பேசுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தோடு வந்தாள். வலது கண் சிவந்திருந்தது, ஆனால் நேரே பார்த்தது. ஏஜென்சிக்காரனுக்கு அனுப்பியாகிவிட்டது, வக்கீலுக்கு மூன்று படி கட்ட வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. அவள் கவனித்துவிட்டாள்.

"என்ன, கணக்குப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"சரி. சின்னவதானே. பேர் சொல்லிக் கூப்பிடு பாக்கலாம்."

வாயைத் திறந்தேன். நாக்கு நுனி வரை பேர் வந்தது. அது இரண்டு வயசில் செத்துப்போன ஒரு குழந்தையின் பேர். இவளுக்கு என்று கூப்பிட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

எழுந்து நின்றேன். தாள்கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"எந்தக் கலர் அட்டை போடணும்க்கா?"

"நீலம்," என்றாள். "இந்தத் தடவையாவது ஓரத்தை நேரா வெட்டு."